மூன்று மாதச் சர்க்கரை எப்படித் தெரிகிறது?

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே இனிப்பை ஒதுக்கி, வெறும் வயிற்றுச் சர்க்கரையை அழகாகக் காட்டிவிடுபவர்கள் உண்டு. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையிடம் அந்த வித்தை பலிக்காது. ஏன்?

ரத்தச் சிவப்பணுக்களுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், எந்த நொதியின் உதவியும் இல்லாமல், மெல்ல அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது எளிதில் விடாது. சர்க்கரை கூடக் கூட ஒட்டுவதும் கூடும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது சிதையும்வரை இந்தக் கணக்கு அதனுள்ளேயே இருக்கும். ஆனால் மூன்று மாதமும் சமமாகப் பதிவதில்லை. அளவில் ஏறக்குறைய பாதியைத் தீர்மானிப்பது கடைசி ஒரு மாதம்தான்.

ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிய பங்கு 6.5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் நீரிழிவு என்பது பொதுக் கணக்கு.

இந்தப் பரிசோதனையும் ஏமாறும். சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதையும் நோயில், உடலில் இளம் அணுக்களே நிறைந்திருப்பதால், அளவு பொய்யாகக் குறையும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையிலோ பொய்யாகக் கூடலாம். நம் பெண்களிடையே ரத்தசோகை இவ்வளவு பரவலாக இருக்கும்போது, இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்கலாம்.