நோகாத புண்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே அட்டைக்கடியும் முட்கீறலும் அன்றாட நிகழ்ச்சிகள். ஆகவே, காலில் ஒரு புண்ணோ தோலில் ஒரு கட்டியோ தோன்றினால் நம்மவர் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. “நோவில்லையே, பிறகு பார்ப்போம்” என்று விட்டுவிடுகின்றனர். நோவில்லாமை நலத்துக்கு அடையாளமன்று என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் ஆறுதலான செய்தி. தோலில் தோன்றும் வளர்ச்சிகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை. பாலுண்ணி, வைரசுக் கிருமியால் உண்டாவது. பல வேளைகளில் தானே மறைந்துவிடும். தோலின்கீழ் மெத்தென்று நகரும் கொழுப்புக் கட்டிக்கும், நெடுங்காலம் மாறாதிருக்கும் மச்சத்துக்கும் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. ஆயின், இவற்றைச் சவர அலகால் அறுப்பதும் சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும் கூடா. புண் சீழ்பிடிக்கும்; அன்றியும், அது என்ன கட்டி என்று மருத்துவர் அறியும் வாய்ப்பும் கெடும்.

இரண்டாம் வகை, இன்று புற்றன்று. நாளை புற்றாகக் கூடியது. அடுப்பிலோ குப்பி விளக்கிலோ சுட்ட பழைய தழும்பும், ஆண்டுக்கணக்கில் ஆறாத காற்புண்ணும் நாளடைவில் புற்றாக மாறுவதுண்டு. ஆறிய தழும்பு மீண்டும் வெடித்தாலும், புண்ணின் ஓரம் தடித்தெழுந்தாலும், தொட்டவுடன் குருதி கசிந்தாலும் தாமதித்தல் ஆகாது. பிறவியிலேயே மேனி முழுதும் நிறமின்றிப் பிறந்தோருக்கு, வெயில் படும் இடங்களிற் சொரசொரப்பான திட்டுகள் தோன்றும். அவையும் இவ்வகையினவே. அவற்றைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்தோ மேற்பூச்சு மருந்தாலோ நீக்கலாம்.

மூன்றாம் வகை புற்றே. கருமேனியருக்குத் தோற்புற்று குறைவு என்பது மெய். ஆயினும், மெலனோமா என்னும் கொடிய வகை நம்மவர்க்கு வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலுமே பெரிதும் தோன்றுகிறது. ஜமெய்க்காப் பாடகர் பொப் மார்லியின் கால் பெருவிரலில், 1977இல் கண்டறியப்பட்ட நோய் இதுவே. 1981இல், தமது 36ஆவது வயதில் அவர் மறைந்தார். ஆகையால், மாதம் ஒருமுறை கால்களைக் கழுவி, உள்ளங்காலை வெளிச்சத்திற் பாருங்கள். கரும்புள்ளி பரவுகிறதா? ஓரம் ஒழுங்கற்றிருக்கிறதா? ஒரே புள்ளியிற் பல நிறங்கள் உண்டா? நகத்திலுள்ள கருங்கோடு அகலுகிறதா? ஒன்றுக்கேனும் ஆம் என்பது விடையாயின் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணுக்கும் இதுவே விதி.

அங்கே நடப்பது யாது? மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துணுக்கை எடுத்து, நுணுக்குக்காட்டியிற் பரிசோதிப்பர். தொடக்கத்திற் கண்ட புற்றை வெட்டியெடுத்தாலே பெரும்பாலும் குணமாகும். அரையிலுள்ள நிணக்கணுக்களுக்குப் பரவிய பின்போ, காலையே இழக்க நேரலாம். உயிருக்கும் கேடு வரலாம். இரத்தினபுரி, கேகாலை அரசாங்க மருத்துவமனைகளிலும், மகரகமை அபேக்ஷா புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

ஒரு நாட் சம்பளம் போகுமே என்று தயங்குவீர்கள். அத்தயக்கம் நியாயமானதே. ஆயின், மலையேறிக் கொழுந்து கொய்வதும், விடியலிற் பால் வெட்டுவதும் அந்தக் காலை நம்பியே அன்றோ? அந்தக் காலுக்காக ஒரு நாளைச் செலவிடுங்கள்.