பார்முலா 1 பந்தயங்களில் தடை செய்யப்பட்ட தொழில்நுட்பங்கள்

பார்முலா 1 பந்தயங்களில் தடை செய்யப்பட்ட தொழில்நுட்பங்கள் என்பன, அப்பந்தயத் தானுந்துகளில் ஒரு காலத்தில் பயன்படுத்தப்பட்டோ சோதிக்கப்பட்டோ பின்னர் விதிகளால் விலக்கப்பட்ட பொறியியல் புத்தாக்கங்கள் ஆகும். எஃப்.ஐ.ஏ எனப்படும் பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பு இவ்விதிகளை வகுக்கின்றது. இத்தடைகளுள் பெரும்பாலானவை அந்நுட்பங்கள் தோல்வியுற்றதனால் விதிக்கப்பட்டவை அல்ல. அவை மிகச் சிறப்பாகச் செயற்பட்டமையே தடைக்குக் காரணமாயிற்று.

தடைக்கான காரணங்கள்

பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

* பாதுகாப்பு: வளைவுகளில் வேகம் மிகும்போது விபத்தின் கடுமையும் மிகுகின்றது.
* செலவு: ஓர் அணி கண்டறிந்ததை ஏனைய அணிகளும் பெரும் பொருட்செலவில் உருவாக்க வேண்டியுள்ளது.
* ஓட்டுநரின் திறன்: ஓட்டுநர் செய்ய வேண்டியதைக் கருவி செய்துவிடுதல்.

காற்றியக்க நுட்பங்கள்

தானுந்தைத் தரையோடு அழுத்தும் விசை கீழழுத்த விசை எனப்படும். இவ்விசை கூடினால் டயர்களின் பிடிப்பு கூடும். வளைவுகளில் வேகத்தைக் குறைக்க வேண்டிய தேவை குறையும். 1960களின் இறுதியில் இதற்காக உயரமான இறக்கைகள் பொருத்தப்பட்டன. 1969 ஆம் ஆண்டு எசுப்பானிய கிராண்ட் பிரீயில் இரண்டு லோட்டஸ் தானுந்துகளின் இறக்கைகள் முறிந்து விபத்துகள் ஏற்பட்டதைத் தொடர்ந்து அவை தடை செய்யப்பட்டன. அசையக்கூடிய காற்றியக்க உறுப்புகள் கூடாது என்ற விதியே பிற்காலத் தடைகள் பலவற்றுக்கு அடிப்படையாக அமைந்தது.

தரை விளைவு: குறுகிய இடைவெளியில் காற்று விரைந்து செல்லும்போது அங்கு அழுத்தம் குறையும். கொலின் சாப்மனின் லோட்டஸ் அணி தானுந்தின் அடிப்பகுதியைத் தலைகீழ் இறக்கை போல வடிவமைத்து, பக்கங்களில் தரையைத் தொடும் தடுப்புகளைப் பொருத்தியது. லோட்டஸ் 79 தானுந்தில் மரியோ ஆண்ட்ரெட்டி 1978 ஆம் ஆண்டின் உலக வாகையாளரானார். ஆனால் பக்கத்தடுப்பு சிக்கிக்கொண்டாலோ சேதமுற்றாலோ கீழழுத்த விசை நொடியில் மறைந்துவிடும்; ஓட்டுநரால் தானுந்தைக் கட்டுப்படுத்த இயலாது. 1983 முதல் தட்டையான அடிப்பகுதி கட்டாயமாக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் விதிகள் தரை விளைவைக் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் அனுமதித்தன.

விசிறித் தானுந்து: கோர்டன் மரே வடிவமைத்த பிராபம் பிடி46பி தானுந்தின் பின்புறத்தில் பெரிய விசிறி ஒன்று இருந்தது. அது எஞ்சினைக் குளிர்விப்பதற்கே என்று அணி வாதிட்டது. உண்மையில் அது தானுந்தின் அடியிலிருந்த காற்றையும் உறிஞ்சி வெளியேற்றியது. வேகம் குறைவாக இருந்தபோதும் அழுத்தம் கிடைத்தமையே இதன் சிறப்பு. 1978 சூன் மாதம் சுவீடனில் நிக்கி லவுடா இதனை ஓட்டி வென்றார். ஏனைய அணிகள் எதிர்ப்புத் தெரிவித்ததால் அத்தானுந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. வெற்றி செல்லுபடியானாலும், பிடி46பி வேறெந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை.

மின்னணு நுட்பங்கள்

வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி தானுந்தில் கணினி கட்டுப்படுத்தும் அதிர்வுதாங்கிகள் இருந்தன. உணரிகள் தரும் தரவுகளைக் கொண்டு நீரியல் உந்துதண்டுகள் தானுந்தின் உயரத்தைச் சீராக வைத்திருந்தன. 1992 இல் நைஜல் மான்செல் இதனை ஓட்டி உலக வாகையாளரானார். 1994 முதல் இந்நுட்பமும், சக்கரங்கள் வீணே சுழல்வதைத் தடுக்கும் இழுவைக் கட்டுப்பாடும், ஏபிஎஸ் எனப்படும் பூட்டா நிறுத்தியும் தடை செய்யப்பட்டன.

கண்ணுக்குத் தெரியும் இறக்கையை அளந்துவிடலாம். மென்பொருளை அவ்வாறு அளக்க இயலாது. 1994 இல் பெனட்டன் அணியின் மென்பொருளை ஆராய்ந்தபோது, தொடக்கக் கட்டுப்பாட்டுக்கான நிரற்பகுதி அதில் இருந்தது தெரியவந்தது. அது பயன்படுத்தப்பட்டதாக நிறுவப்படவில்லை. ஒரு நிரல் இருப்பதும் அது இயக்கப்படுவதும் வெவ்வேறு ஆதலால், ஐயம் முழுமையாக நீங்கவில்லை. தடையை நடைமுறைப்படுத்துவது கடினம் என்பதால் 2001 ஆம் ஆண்டு எசுப்பானிய கிராண்ட் பிரீ முதல் இழுவைக் கட்டுப்பாடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2008 இல் அனைத்து அணிகளுக்கும் ஒரே வகையான மின்னணுக் கட்டுப்பாட்டகம் கட்டாயமாக்கப்பட்ட பின்னரே தடை உறுதியானது.

ஏனைய தடைகள்

* ஆறு சக்கரங்கள்: முன்புறம் நான்கு சிறு சக்கரங்கள் கொண்ட டைரல் பி34, 1976 இல் சுவீடனில் வென்றது. 1983 முதல் நான்கு சக்கரங்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன.
* தொடர்மாறு பற்சக்கரப் பெட்டி: வில்லியம்ஸ் அணி 1993 இல் சோதித்தது. பந்தயத்தில் ஓடும் முன்பே தடை செய்யப்பட்டது.
* திணிவுத் தணிப்பி: ரெனோ தானுந்தின் மூக்குப் பகுதியில் சுருள்வில்லுடன் பொருத்தப்பட்ட எடை. உடலின் உள்ளே இருந்தபோதிலும், அசையும் காற்றியக்க உறுப்பாகக் கருதப்பட்டு 2006 இல் தடை செய்யப்பட்டது.
* எஃப் குழாய்: மெக்லாரன், 2010. ஓட்டுநர் ஒரு துளையை மூடுவதன் மூலம் பின் இறக்கையின் இழுவிசையைக் குறைத்தார். 2011 இல் தடை செய்யப்பட்டது.
* இரட்டை அச்சுத் திருப்பல்: மெர்சிடிஸ், 2020. திருப்புச் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி முன்சக்கரங்களின் கோணத்தை மாற்றியது. 2021 முதல் தடை செய்யப்பட்டது.

இந்தியத் தொடர்பு

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டியபோது இழுவைக் கட்டுப்பாடு அனுமதிக்கப்பட்டிருந்தது. அவர் 2011 இல் எச்ஆர்டி அணியின் மூலம் திரும்பியபோது அது தடை செய்யப்பட்டிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நடைபெற்ற முதல் இந்திய கிராண்ட் பிரீயிலும் அவர் பங்கேற்றார்.

பந்தயத்தில் விலக்கப்பட்டவை சாலைக்கும் ஒவ்வாதவை என்று கொள்ளுதல் தவறு. பார்முலா 1 இல் 1994 முதல் தடை செய்யப்பட்டுள்ள பூட்டா நிறுத்தி, இந்தியாவில் 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது. பந்தயத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நிறுத்துவது ஓட்டுநரின் திறனைச் சோதிக்கும் தேர்வு. மழையில் நனைந்த சாலையில் அது உயிரைக் காக்கும் வழி.