பிறந்த நாள் வீடியோ சொன்ன சேதி

ஆட்டிசத்தின் முதல் அறிகுறிகள் பேச்சு வரும் முன்பே தெரிகின்றன

கேக், மெழுகுவர்த்தி, சுற்றிலும் சொந்தபந்தம். முதல் பிறந்த நாள் வீடியோ என்றால் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜூலி ஆஸ்டர்லிங்கும் ஜெரால்டின் டாசனும் இப்படி 22 குழந்தைகளின் வீடியோக்களை அலசினார்கள். 11 பேர் பிற்பாடு ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவர்கள். மற்ற 11 பேர் இயல்பாக வளர்ந்தவர்கள்.

1994ல் முடிவு வெளியானது. முகம் பார்ப்பது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவது, விரல் நீட்டிக் காட்டுவது, பொருளை எடுத்துக் காண்பிப்பது: நான்குமே முதல் பிரிவினரிடம் குறைவு. அதுவும் ஒரு வயதிலேயே.

2013ல் அட்லாண்டாவின் மார்கஸ் ஆட்டிசம் மையத்தில் வாரன் ஜோன்ஸும் அமி க்ளினும் இன்னும் பின்னோக்கிப் போனார்கள். திரையில் ஒரு பெண் கொஞ்சிப் பேச, கைக்குழந்தையின் பார்வை எங்கே போகிறது என்று கருவி பதிவு செய்தது. பிறவியிலேயே கண்ணோடு கண் பார்க்காதவர்கள் என்ற எண்ணம் பொய்த்தது. பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளும் 2 மாதத்தில் கண்களைப் பார்த்தார்கள். 6 மாதத்துக்குள் அந்தப் பார்வை குறையத் தொடங்கியிருந்தது. ஆய்வில் இத்தகைய குழந்தைகள் சிலரே. தவிர, இந்தச் சரிவைக் கருவிதான் கண்டுபிடிக்கும், பெற்றோர் அல்ல.

பெற்றோரால் கவனிக்க முடிந்தவை வேறு. 9 மாதத்தில் பெயர் சொன்னால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் பிடித்ததைச் சுட்டிக் காட்டாதது. இதில் ஏதோ ஒன்று இருப்பதாலேயே ஆட்டிசம் என்று முடிவுகட்டிவிட முடியாது. காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

ஆனால் நம் வீடுகளில் கவலை தொடங்குவது பேச்சு வராதபோதுதான். அப்போதும், "அவங்க அப்பாவே லேட்டாதான் பேசினான்" என்று பாட்டி சமாதானம் சொல்வார். மேலும் ஒரு வருடம் ஓடிவிடும்.

அந்த ஒரு வருடம் சாமான்யமானதல்ல. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குக் கற்றுத் தந்தார்கள். குழந்தையின் போக்கைக் கவனித்து அதற்கேற்பப் பேச, விளையாட. பலன்: குழந்தைகள் தாங்களாகவே பெற்றோரிடம் தொடர்பு கொள்வது அதிகரித்தது. பங்கேற்ற 65 குழந்தைகளும் 2 வயதைத் தாண்டியவர்கள்.

காக்காயைச் சுட்டிக் காட்டிவிட்டு, அம்மா பார்க்கிறாளா என்று குழந்தை திரும்பிப் பார்க்கிறதா? தடுப்பூசிக்குப் போகும்போது எடையோடு இதையும் டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.