நிணநீரின் பயணம்



மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில் உள்ள விளாங்குடி என் ஊர். 2011-ஆம் ஆண்டில் அது மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. நான் சிறுவனாக இருந்த நாளில் வயல் சூழ்ந்த சிற்றூர். ஒரு நாள் கருவேல முள் என் பாதத்தில் தைத்தது. மறுநாள் காய்ச்சல், தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு வீக்கம். "நெறி கட்டியிருக்கிறது" என்றார் என் தாயார். முள் தைத்தது பாதத்தில். வீங்கியதோ அரை உடலுக்கு மேலே! இஃது எவ்வாறு என்று அன்று கேட்டேன். விலங்கியல் கற்ற பின்னரே விடை கிடைத்தது.

கண்மாயின் மடையைத் திறந்தால் நீர் வாய்க்கால் வழியே வயலில் பாய்கிறது. மிஞ்சிய நீருக்கு வடிகால் வேண்டும். இல்லையேல் பயிர் அழுகும். நம் உடலிலும் இவ்வமைப்பு உண்டு. தமனிகள் கிளைத்துக் கிளைத்து மயிரினும் நுண்ணிய தந்துகிகளாகின்றன. அங்கே குருதியின் அழுத்தத்தால் நீரும் உப்பும் உணவுச் சத்தும் சிறிது புரதமும் வெளியே கசிந்து திசுக்களை நனைக்கின்றன. இக்கசிவு நீர் திசுக்களிலேயே தேங்கிவிட்டால் உடல் வீங்கும். குறிப்பாக, வெளியேறிய புரதம் குருதிக்கு மீள்வதற்கு நிணநீர்க் குழாய்களைத் தவிர வேறு வழி இல்லை எனலாம்.

இக்குழாய்களின் தொடக்கம் மிகவும் நயமானது. ஒரு முனை மூடிய நுண்குழல். அதன் சுவரணுக்கள் ஓலைத் தட்டிகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருக்கின்றன. சுற்றிலும் நீர் பெருகித் திசு உப்பும்போது, அதனோடு பிணைந்த மெல்லிய இழைகள் தட்டிகளை இழுத்துத் திறக்கின்றன. நீர் உள்ளே புகுகிறது. புகுந்த நீர் திரும்ப முயன்றால் தட்டிகள் மூடிக்கொள்கின்றன. உட்புகுந்த அந்நீருக்கே நிணநீர் என்று பெயர்.

குருதியைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அத்தகைய இதயம் மனிதனிடம் இல்லை. குழாய்களின் சுவர் தானே சுருங்கி விரிகிறது. நடக்கும்போது தசைகள் பிழிகின்றன. மூச்சும் துணை செய்கிறது. இடையிடையே உள்ள வால்வுகள் பின்னோக்கி ஓடவிடா. இரவெல்லாம் பேருந்தில் அமர்ந்து சென்னை சென்று இறங்குவோருக்குச் செருப்பு இறுகுவதற்குக் கால்தசைகள் ஓய்ந்திருந்ததும் ஒரு காரணம். உடலின் பெரும்பகுதி நிணநீர் நெஞ்சுக் குழாய் வழியே ஏறி, இடக் கழுத்தின் அடியில் சிரையில் கலக்கிறது. வலக் கை, வல மார்பு, தலையின் வலப்பாதி ஆகியவற்றின் நிணநீர் மட்டும் வலப்புறம் சேரும். இவ்வாறு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 அல்லது 4 லிட்டர் திரும்புகிறது.

உணவுண்ட நாயின் குடற்சவ்வில் வெண்ணிற இழைகளைக் கண்டு, கீறிப் பார்த்துப் பால்போன்ற நீர் வரக் கண்டவர் 1622-இல் இத்தாலிய அறிஞர் அசெல்லி. அது குடல் உறிஞ்சிய கொழுப்பைச் சுமந்த நிணநீரே.

வழியில்தான் வடிகட்டல் நடைபெறுகிறது. உடலில் ஏறத்தாழ 600 நிணநீர் முடிச்சுகள் உள்ளன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிற்றின் உட்புறம் ஆகியவற்றில் மிகுதி. அவரை விதை போன்ற ஒவ்வொன்றினுள்ளும் பல குழாய்கள் நுழைகின்றன, சிலவே வெளியேறுகின்றன. ஆதலின் நீர் உள்ளே மெதுவாக ஊர்கிறது. அங்கே விழுங்கணுக்கள் கிருமிகளைப் பிடித்து உண்கின்றன. வெள்ளணுக்கள் பகைவனை இனங்கண்டு பெருகுகின்றன. அப்பெருக்கமே நெறி. என் பாதத்துக் கிருமிகளைத் தொடை இடுக்கில் மறித்த போர் அது.

எங்கள் தெருவில் கும்பகோணம் பக்கத்திலிருந்து மணமுடித்து வந்த அத்தை ஒருவர் இருந்தார். யானைக்கால் நோயினர். திருமண வீடுகளில் சேலைக் கரையை இழுத்துவிட்டுக் கடைசி மூலையில் அமர்வார். அவர் நடையைப் பார்த்துச் சிரித்த சிறுவர்களுள் நானும் ஒருவன்.

அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதால் உடலில் புகும் புழு, வளர்ந்து நிணநீர்க் குழாய்களிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. குழாய்கள் விரிந்து வால்வுகள் பயனற்றுப் போகின்றன. வடிகால் அடைபட்ட வயலாகிறது கால். புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் குருதியில் உலவும். ஆதலின் நலத்துறையினர் இரவில் இரத்தம் எடுப்பர். இந்திய அரசு 2004-முதல் நோய் பரவிய மாவட்டங்களில் மக்கள் அனைவருக்கும் ஆண்டுதோறும் மாத்திரை அளிக்கும் பெருந்திட்டத்தை நடத்தியது. மாத்திரை பரவலைத் தடுக்கும். பருத்த காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

ஆனால் காலை மேலும் பருக்கச் செய்வது புழு மட்டும் அன்று. தேங்கிய நீரில், விரலிடுக்கு வெடிப்பு வழியே நுழையும் சாதாரணக் கிருமிகள் அடிக்கடி காய்ச்சலை உண்டாக்கித் தோலைத் தடிக்கச் செய்கின்றன. சோப்பும் நீரும் கொண்டு நாள்தோறும் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்து வந்தால் அக்காய்ச்சல் குறையும். இதனை நான் அறிந்தபோது அத்தைக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. கூச்சத்தோடு போய்ச் சொன்னேன். "இவ்வளவுதானா தம்பி? முப்பது வருஷமா நான் தண்ணி படாம மூடியில்ல வச்சிருந்தேன்!" என்றார்.

அன்றிரவு முதல் அவர் வீட்டுத் திண்ணையோரம் ஒரு வாளித் தண்ணீரும் பழைய வேட்டித் துண்டும் இருக்கும். மாதந்தோறும் வந்த காய்ச்சல், அடுத்த ஆண்டு முழுவதும் இரண்டு முறைதான் வந்தது.