லாக்ஸ்டன் கிராமத்தின் பொது வயல்கள்

கூட்டு வாழ்வின் கட்டுப்பாட்டைக் காப்பவர் அதிகாரிகளா, அங்கத்தினர்களா என்னும் கேள்வி நம்மிடையே அடிக்கடி எழுவதுண்டு. இதற்கு விடை காண இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன் என்னும் சிற்றூரின் உழவு முறையைக் கவனிப்போம்.

இவ்வூரின் பழைய உழவர் வீடுகள் வயல் நடுவே தனித்து நில்லாமல், தெருவோரமாகத் தொழுவமும் களஞ்சியமும் சூழ அமைந்துள்ளன. ஊருக்கு வெளியே மேலை வயல், ஆலை வயல், தென் வயல் என மூன்று பெருவயல்கள் உள்ளன. துண்டுகளுக்கிடையே வேலி கிடையாது. உழவர்களின் நிலங்கள் நீண்ட பட்டைகளாக இவ்வயல்களில் சிதறிக் கிடக்கின்றன. நல்ல மண்ணும் நலிந்த மண்ணும் ஒருவருக்கே சேராமல் பலருக்கும் பங்காவதற்கு இது வழி செய்தது. 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த நிலப்படத்தில் இத்துண்டுகளைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு துண்டுகள் பெரியவையாக இணைக்கப்பட்டன. பின்னர்க் குதிரைக் கலப்பை போய் டிராக்டர் வந்தது. ஆயினும் பொது முறை அழியவில்லை.

ஒரு வயலில் முதலாண்டு கோதுமை, மறு ஆண்டு வசந்த காலப் பயிர், மூன்றாம் ஆண்டு தரிசு என்பது பழைய வழக்கம். தரிசில் ஊராரின் ஆடுமாடுகள் சேர்ந்து மேயும். அவற்றின் சாணமே எருவாகும். ஒருவர் மட்டும் தம் விருப்பப்படி விதைத்தால் கால்நடைகளை அவ்வயலில் விட இயலாது. ஆகவே எல்லோரும் ஒரே காலக்கிரமத்தைப் பின்பற்ற நேர்ந்தது.

இதனைக் கண்காணிப்பவர்கள் உழவர்களே. நவம்பர்க் கடைசியில் ஊர் ஜூரிகள், கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வந்து எல்லைகளில் முளைகளை அடிக்கின்றனர். பொதுப் பாதையிலோ உழாது விடவேண்டிய புல்வெளியிலோ ஏரை ஓட்டியவர் யாரெனக் குறித்துக் கொள்கின்றனர். ஒரு வாரத்திற்குப் பின் ஊர் விடுதியில் 'கோர்ட் லீட்' என்னும் மன்றம் கூடி அபராதம் விதிக்கிறது. அடுத்த ஆண்டின் ஜூரிகளும் அங்கேயே நியமிக்கப்படுகின்றனர். இன்று குற்றம் கண்டவர் நாளை தாமே சோதனைக்கு உட்பட வேண்டியவர்.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான தனிச் சட்டங்களால் இங்கிலாந்தின் பொது வயல்கள் வேலியடைக்கப்பட்டன. சிறு குடியானவர் பலர் மேய்ச்சல் உரிமையை இழந்தனர். லாக்ஸ்டனோ தப்பியது. 1952-இல் அரசாங்க விவசாய அமைச்சகமும், 1981-இல் கிரவுன் எஸ்டேட்டும், 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட்டும் அதன் நிலங்களைப் பெற்றன. பழைய மன்றங்கள் பலவற்றின் அதிகாரத்தை நீக்கிய 1977-ஆம் ஆண்டுச் சட்டமும் இம்மன்றத்திற்கு விலக்களித்தது.

உடைமையாளர் மாறியும் முறை நிலைத்ததற்கு, உழவர்கள் ஆண்டுதோறும் தாமே வயலில் இறங்கிப் பார்த்ததும் ஒரு காரணம் என்று கருதுகிறோம். பொதுப் பாதையில் ஒருவர் ஒரு சால் மிகுதியாக உழுதால் எல்லோருடைய வண்டிக்கும் வழி குறுகும். ஓர் அங்கத்தினர் துணியின் இழையைக் குறைத்தாலும், விளைபொருளில் ஈரத்தைக் கலந்தாலும் நேர்வது அதுவே. அதிகாரி வந்து தணிக்கை செய்யும் வரை காத்திராமல், நம் சங்கத்தின் சரக்கையும் கணக்கையும் நாமே சென்று பார்ப்போமாக.