ஒரே தலைப்பில் பல பாடல்கள்: பெயரொற்றுமையும் பனுவல் உறவும்

ஆய்வுச்சுருக்கம்

வெவ்வேறு இசைவகைகளைச் சேர்ந்த பாடல்களும் இசைத்தொகுப்புகளும் ஒரே தலைப்பில் வழங்குவது பரவலான நிகழ்வு. மேலைநாட்டு வெகுசன இசையில் அது பெரும்பாலும் பெயரொற்றுமை. தமிழிசையில் அது பெரும்பாலும் பனுவல் உறவு. இவ்வேறுபாட்டைக் கருதாமல் தலைப்பைக் கொண்டே பாடலை அடையாளப்படுத்தும்போது இயற்றியவரின் பெயர் மறைந்துபோவதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பாடல் தலைப்பு, முதற்குறிப்பு, இசைத்தொகுப்பு, பலபொருள் ஒருசொல், இசை ஆவணப்படுத்தல்

இடுகுறித் தலைப்பு

நூலுக்குப் பெயர் அமையும் வழிகளைக் கூறும் நன்னூல் பாயிரம், முதனூல், இயற்றியோன், அளவு, பொருள், செய்வித்தோன் முதலிய காரணங்களோடு இடுகுறியையும் ஒரு வழியாகச் சேர்க்கிறது. மேலைநாட்டு வெகுசனப் பாடலின் தலைப்பு பல வேளைகளில் இடுகுறியை ஒத்தது. பாடலுள் அத்தொடர் பயின்றுவந்தாலும், தலைப்பு என்ற நிலையில் அது படைப்பாளர் விரும்பிச் சூட்டிய பெயர். ஒருவர் சூட்டிய பெயரை இன்னொருவர் சூட்டத் தடையில்லை.

'தி பவர் ஆஃப் லவ்' இதற்குத் தக்க சான்று. லிவர்பூலைச் சேர்ந்த பிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் பாடல் இத்தலைப்பில் 1984 டிசம்பரில் பிரித்தானியப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1985 ஆகஸ்டில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது, 'பேக் டு தி ஃபியூச்சர்' திரைப்படத்திற்காக ஹூயி லூயிஸ் குழு பாடிய ராக் பாடல். அதே ஆண்டு அக்டோபரில் பிரித்தானியாவில் மீண்டும் இதே தலைப்பு முதலிடத்திற்கு வந்தது. ஆனால் அது ஜெனிஃபர் ரஷ் பாடிய காதற்பாடல். பதினொரு மாதங்களுக்குள் புகழ்பெற்ற இம்மூன்று பாடல்களுக்கும் சொல்லும் மெட்டும் இயற்றியவரும் வேறுவேறு. 1994இல் செலீன் டியோன் குரலில் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற 'தி பவர் ஆஃப் லவ்' இவற்றுள் எது என்னும் வினாவுக்குத் தலைப்பு விடை தராது. அது ரஷ் பாடலின் மறுபதிவு.

இசைத்தொகுப்புகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. பீட்டில்ஸ் குழுவின் 'லெட் இட் பீ' 1970இல் வெளிவந்தது. மினியாபொலிஸ் நகரின் ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு 1984இல் அதே பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டது. முந்தைய தொகுப்பின் பாடல் ஒன்றும் அதில் இல்லை. ஸ்லோவேனியாவின் லைபாக் குழு 1988இல் வெளியிட்ட 'லெட் இட் பீ', பீட்டில்ஸ் தொகுப்பின் பாடல்களையே இராணுவ அணிநடைச் சாயலில் மறுஆக்கம் செய்தது. வியப்புக்குரியது, தொகுப்புக்குப் பெயர் தந்த பாடலை அக்குழு விட்டுவிட்டது. முதலாவது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது; இரண்டாவது பெயருக்குரிய பாடலை நீக்கி மற்றவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்துக்கொண்டது. அட்டவணையில் மூன்றும் ஒரே பெயர்.

சட்டமும் இத்தகைய வழக்குக்குக் குறுக்கே நிற்பதில்லை. தலைப்பு தனித்த படைப்பாகாது, அதற்குப் பதிப்புரிமை இல்லை என்பதை இந்திய உச்சநீதிமன்றம் 'தேசி பாய்ஸ்' திரைப்படத் தலைப்பு பற்றிய 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உறுதிப்படுத்தியது.

முதற்குறிப்பே தலைப்பாதல்

தமிழ்ப் பாட்டு மரபில் தனிப்பாடலுக்குத் தலைப்பு சூட்டும் வழக்கம் வலுப்பெற்றிருக்கவில்லை. பாட்டின் தொடக்கமே அதன் அடையாளம். சங்க இலக்கியம், திருமுறை ஆகியவற்றின் பதிப்புகளில் இறுதியில் இடம்பெறும் 'பாட்டு முதற்குறிப்பு அகராதி' இம்மரபின் அச்சு வடிவம். கருநாடக இசைக் கீர்த்தனைகளும் பல்லவியின் தொடக்கத்தாலேயே அறியப்படுகின்றன. முதற்குறிப்பு இடுகுறி அன்று; அது பாட்டின் உறுப்பு. ஆகவே தமிழில் ஒரு தலைப்பு இரண்டிடத்தில் காணப்படுமாயின், ஒரு பாட்டின் துணுக்கு மற்றோரிடத்திற்குப் பெயர்ந்திருக்கிறதா என்பதே ஆய்வாளர் முதலில் எழுப்ப வேண்டிய வினா.

ஊத்துக்காடு வேங்கட கவியின் 'அலைபாயுதே' கானடா இராகத்தில் கச்சேரி மேடைகளில் பாடப்பெறும் கண்ணன் பாட்டு. 2000இல் மணிரத்னம் இயக்கிய திரைப்படம் அப்பெயரைப் பெற்றது; ஏ. ஆர். ரகுமானின் இசைத்தொகுப்பும் அப்பெயரிலேயே வெளிவந்தது. கச்சேரிப் பாட்டும் கானடா இராகத்திலேயே அத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. எனவே இத்தலைப்பு ஒரே வேளையில் ஒரு கீர்த்தனையையும், ஒரு திரையிசைத் தொகுப்பையும், அத்தொகுப்பினுள் உள்ள ஒரு பதிவையும் குறிக்கிறது. தொகுப்பின் பிற பாடல்களில் பெரும்பாலானவை வைரமுத்து எழுதியவை. தொகுப்பை அலகாகக் கொண்டு பாடலாசிரியரைக் குறிப்பவர், இப்பாட்டையும் அவர் கணக்கில் சேர்த்துவிட வாய்ப்புண்டு. நீடாமங்கலம் கிருஷ்ணமூர்த்தி பாகவதரின் முயற்சியால் இருபதாம் நூற்றாண்டிலேயே பரவலாக அறியப்பட்ட ஒரு கவியின் பெயர் இவ்வாறு மறைவது சிறிய இழப்பன்று. அப்படத்தின் தெலுங்கு வடிவம் 'சகி' எனப் பெயர் பெற்றபோது, பாட்டுக்கும் தொகுப்புக்கும் இருந்த இப்பெயர்த் தொடர்பு அறுந்ததையும் ஒப்புநோக்கலாம்.

'காற்று வெளியிடை' வேறொரு நிலையைக் காட்டுகிறது. பாரதியின் பாட்டு 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் ஜி. இராமநாதன் இசையில் ஒலித்தது. 2017இல் அதே பெயரில் வந்த ரகுமானின் தொகுப்புப் பட்டியலில் அத்தலைப்பில் பாடல் இல்லை. பெயர் மட்டும் பாட்டை நினைவூட்டி நிற்கிறது. அதே தொகுப்பில் உள்ள 'நல்லை அல்லை' என்னும் பாடலோ குறுந்தொகை 47ஆம் பாட்டின் தொடரைத் தலைப்பாகக் கொண்டது. அத்தொடரை அடுத்துவரும் விளியே அச்சங்கப் பாட்டின் ஆசிரியருக்கு நெடுவெண்ணிலவினார் என்னும் பெயரைத் தந்தது. ஒரு பாட்டின் சொற்கள் ஒரு காலத்தில் புலவருக்கும் இன்னொரு காலத்தில் திரைப்பாடலுக்கும் பெயராயின. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு இடைவெளி. தலைப்பை மட்டும் தேடுபவருக்கு முன்னது கண்ணில் படாது, அத்தொடர் பாட்டின் முதற்குறிப்பாக இல்லாமையால்.

தெரித்து மொழிதல்

பல பொருள் தரும் ஒரு சொல், வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுபெறும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் கருத்து. அவற்றால் தெளியாதவிடத்துச் சொல்வோன் தான் குறித்ததை வெளிப்படக் கூறவேண்டும் என்றும் அது வரையறுக்கிறது. பாடல் தலைப்புக்கும் இவ்விதி பொருந்தும். கருநாடக இசையுலகம் இதை நடைமுறையில் நெடுங்காலமாகப் பின்பற்றுகிறது. 'ப்ரோசேவாரெவரே' என்றால் ஸ்ரீரஞ்சனியில் தியாகராஜர், 'ப்ரோசேவாரெவருரா' என்றால் கமாஸில் மைசூர் வாசுதேவாச்சாரியார் என இராகமும் இயற்றியவரும் உடன்வைத்துச் சொல்லப்படுகின்றன. இராகம் இனம், இயற்றியவர் சார்பு.

பன்னாட்டுத் தரக் குறியீடுகளும் இத்தெளிவையே நாடுகின்றன. ஐ.எஸ்.டபிள்யூ.சி. இசைப்படைப்பைக் குறிக்கிறது; பன்னிரண்டு எழுத்தெண்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. ஒலிப்பதிவைக் குறிக்கிறது. ஒரு படைப்பை நால்வர் பதிவுசெய்தால் முன்னது ஒன்று, பின்னது நான்கு. தமிழ் ஆய்வேடுகளின் மேற்கோள் முறையில் இவ்விரு நிலைகளும் பெரும்பாலும் பிரிக்கப்படுவதில்லை; 'அலைபாயுதே, 2000' என்று மட்டும் குறித்தல் பதிவை மட்டுமே சுட்டும். 'வேங்கட கவி, கானடா, திரைப்பதிவு 2000' என்று குறித்தால் பாட்டும் பதிவும் தனித்தனியே தெரியும். இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சில சொற்களே.

தலைப்பு மாறிப் பனுவல் மாறாத நேர்வுகளுக்கும் இக்குறிப்பு முறை உதவும். ரகுமானின் 1997ஆம் ஆண்டு 'வந்தே மாதரம்' தொகுப்பில், 1882இல் வெளியான 'ஆனந்தமடம்' புதினத்தில் இடம்பெற்ற பங்கிம் சந்திரரின் பாடல் 'ரிவைவல்' என்னும் பெயரில் உள்ளது. தொகுப்பின் பெயரைப் பார்த்து உள்ளே தேடுபவர் பட்டியலில் அதைத் தாண்டிச் சென்றுவிடுவார்.