பிக்கப் இல்லாமல் திணறும் பழைய மாருதி 800... இன்ஜினை இறக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவைத் தாண்டும்போதே கார் முனகத் தொடங்குகிறது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் இரண்டாவது கியரில் இழுக்கவில்லை. முதல் கியருக்கு இறக்கினால் 'டுப்... டுப்...' என்று விட்டுவிட்டு உதறுகிறது. பின்னால் பஸ்ஸின் ஹாரன், பின் சீட்டில் பயந்துபோன குழந்தைகள்.

ஊருக்குத் திரும்பி ஒர்க்‌ஷாப்பில் விட்டால், "இன்ஜின் போயிடுச்சு சார், இறக்கித்தான் பார்க்கணும்" என்று பதில் வருகிறது. செலவைக் கேட்டதும் வீட்டில் அடுத்த பேச்சு ஆரம்பம்... "அப்பா காலத்து வண்டிதான், பேசாம எடைக்குப் போட்டுடலாமா?"

பழைய கார் வைத்திருக்கும் பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. ஆனால், இழுவை குறைந்துவிட்டது என்பதாலேயே இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சில நூறு ரூபாய் பிளக்கும், வெடித்துப்போன ஒரு ரப்பர் ஓஸும் அதே அறிகுறியைக் காட்டும். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால், பணத்தையும் காரையும் காப்பாற்றலாம்.

மூன்றில் ஒன்று போனால்...

1983 டிசம்பரில் முதல் சாவி கொடுக்கப்பட்டு, 2014 ஜனவரியில் தயாரிப்பு நிறுத்தப்பட்ட கார் மாருதி 800. அதன் இன்ஜின் 796 சி.சி. கொண்டது. மொத்தமே மூன்று சிலிண்டர்கள்தான். கார்புரேட்டர் மாடல்களில் கிடைக்கும் சக்தி சுமார் 37 குதிரைத்திறன்.

நான்கு சிலிண்டர் காரில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால், கால்வாசி போய்விடும். மூன்று சிலிண்டர் காரில் மூன்றில் ஒரு பங்கே காணாமல் போகும். போதாததற்கு, செத்துப்போன சிலிண்டரின் பிஸ்டனையும் மற்ற இரண்டும் சேர்த்து இழுக்க வேண்டும். சமதளத்தில் இதைச் சமாளித்துவிடலாம். நான்கு பேரோடு மலை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். இன்ஜினே போய்விட்டது என்ற எண்ணம் வருவதும் அங்கேதான்.

பெட்ரோல் இன்ஜின் ஓட மூன்று விஷயங்கள் போதும். சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், சரியான நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் போதுமான அழுத்தம். முதல் இரண்டையும் வெளியிலிருந்தே சோதித்துவிடலாம். மூன்றாவதுக்கும் இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை, ஒரு மீட்டர் போதும்.

குற்றவாளி இன்ஜின்தானா?

பானெட்டைத் திறப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால், கோளாறு கிளட்ச்சில். தட்டு தேய்ந்து வழுக்குகிறது. கருகிய வாடையும் வரலாம்.

பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பிரேக் பிடித்தபடி ஓடும் கார் இழுக்காததில் ஆச்சர்யமில்லை.

இரண்டும் சரியாக இருந்தால், இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுங்கள். உதறல் இல்லாமல், ஒரே சீராக இழுவை மட்டும் குறைந்திருந்தால் காற்று, பெட்ரோல், டைமிங் அல்லது சைலன்ஸர் மீது சந்தேகப்படலாம். விட்டுவிட்டு உதறினால், மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று சொல்வது அதைத்தான். அப்போது முதல் சந்தேகம் தீப்பொறி மீது.

எந்தச் சிலிண்டர் தூங்குகிறது?

இன்ஜினை அணைத்துவிட்டு, மூன்று பிளக் வயர்களிலும் டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினில் தீப்பொறி போகும் வரிசை 1-3-2. வயர்களை மாற்றிச் செருகிவிட்டால், இருக்கும் கோளாறோடு புதுக் கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது ஒரு வயரை மட்டும் கழற்றி, அதில் வேறொரு பிளக்கை மாட்டி, அதன் உலோகப் பகுதி இன்ஜின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்துவிட்டு, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பைவிட உதறல் அதிகமானால், அந்தச் சிலிண்டர் இதுவரை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. எந்த வித்தியாசமும் தெரியாவிட்டால், தூங்கும் சிலிண்டர் அதுதான். இதேபோல ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஆள் கிடைத்தாயிற்று. காரணம் எது?

தூங்கும் சிலிண்டரின் பிளக்கை, நன்றாக ஓடும் சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால், பிளக்தான் காரணம். மாறாவிட்டால், நல்ல வயர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பார்க்க வேண்டும். அங்கும் குறை இல்லையென்றால்தான் சிலிண்டருக்குள் சந்தேகப்பட வேண்டும். புது உதிரிபாகம் எதுவும் வாங்காமலே பாதி விடை கிடைத்துவிடும்.

கவனம்: காயில், 12 வோல்ட் மின்சாரத்தை 15,000 வோல்ட்டுக்கும் மேல் உயர்த்தி அனுப்புகிறது. இன்ஜின் ஓடும்போது பிளக் வயரைக் கையால் பிடுங்காதீர்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகில் வரவே வேண்டாம். பெட்ரோல் வாடை வந்தால் தீப்பொறிச் சோதனையே கூடாது. துப்பட்டா, தளர்வான சட்டைக் கை ஃபேன் பெல்ட்டில் சிக்கலாம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள காரில் சோதனையைச் சில நொடிகளில் முடித்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் உள்ளே போனால் அது கெட்டுவிடும்.

பிளக் சொல்லும் சேதி

கழற்றிய பிளக்குகளைத் தூக்கிப் போடாமல், நுனியின் நிறத்தைப் பாருங்கள். இன்ஜினின் மருத்துவ ரிப்போர்ட் அதுதான்.

* இளம்பழுப்பு: எல்லாம் சரியாக எரிகிறது.
* காய்ந்த கரி: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் மூடியபடியே இருக்கலாம்.
* வெள்ளை: பெட்ரோல் போதவில்லை, அல்லது இன்ஜின் அதிகம் சூடாகிறது.
* ஈரமான, பிசுபிசுப்பான எண்ணெய்: இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம்.
* பெட்ரோல் நனைந்து வாடை அடிக்கிறது: அந்தச் சிலிண்டரில் தீப்பொறி வரவில்லை.

மூன்றும் ஒரே நிறத்தில் இருந்தால், மூன்றுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு. ஒன்று மட்டும் வேறுபட்டால், அந்த ஒரு சிலிண்டரில்.

இருட்டில் தெரியும் உண்மை

பிளக் வயர் வெளியில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், வருடக்கணக்கில் சூட்டில் வெந்து ரப்பரில் நுண்ணிய வெடிப்பு விட்டிருக்கும். இரவில், விளக்கில்லாத, காற்றோட்டமான இடத்தில் பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட விடுங்கள். தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். வயரின் மேல் நீல நிறத்தில் மினுமினுத்தால், பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே ஒழுகுகிறது. மழைக்காலத்தில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் கார்களிலும் அடிக்கடி இதுதான் காரணம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். பென்சிலால் கோடு கிழித்ததுபோல மெல்லிய கறுப்புத் தடம் இருந்தால், அதன் வழியே மின்சாரம் திருடு போகிறது. துடைத்தால் போதாது, மூடியை மாற்றியாக வேண்டும். ஈரம் மட்டுமே இருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஆரம்பகால மாருதி வைத்திருப்பவர்கள் உள்ளே இருக்கும் 'பாயின்ட்'டையும் பார்க்க வேண்டும். அது கருகினாலோ, இடைவெளி குறைந்தாலோ தீப்பொறி வலுவிழக்கும். கூடவே இருக்கும் கண்டன்சர் கெட்டாலும் பாயின்ட் சீக்கிரம் கருகும்.

அரை மணி நேரம் கழித்து நிற்கிறதா?

காலையில் நன்றாகக் கிளம்பும். சென்னை வெயிலில் அரை மணி நேரம் ஊர்ந்ததும் உதறி நின்றுவிடும். இருபது நிமிடம் ஆறியதும் எதுவுமே நடக்காததுபோல ஓடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் கோளாறே தெரியாது.

இதற்குக் காரணமாக இருப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, சூடானதும் செயலிழக்கும் காயில் அல்லது எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல். இன்னொன்று, சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பது. எது என்று தெரிய, கார் நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிக்க வேண்டும். தீப்பொறி வராவிட்டால் காயில் பக்கம். தீப்பொறி பளிச்சென வந்தால் பெட்ரோல் பக்கம். ஆறிய பிறகு சோதித்தால், இரண்டுமே நல்லவை என்றுதான் காட்டும்.

தீப்பொறி சரி... இழுவை இல்லை!

உதறல் இல்லாத இழுவைக் குறைவுக்கு, விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

ஏர் ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். அடுத்து பெட்ரோல் ஃபில்டர். சமதளத்தில் நன்றாக ஓடி, நீண்ட ஏற்றத்தில் மெள்ள மெள்ளச் சக்தி இழந்து, ஒரு நிமிடம் நிறுத்தினால் மறுபடி சரியானால், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. ஃபில்டர், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், டேங்க் மூடியின் காற்றுத் துளை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற நிலையில் 'உஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டால், வேக்குவம் ஓஸ் அல்லது கார்புரேட்டர் அடிப்பக்க கேஸ்கட் விட்டிருக்கலாம்.

டைமிங் பின்தங்கினால் இன்ஜின் சூடாகும், இழுக்காது. முந்தினால் ஏற்றத்தில் 'கிண்கிண்' என்று தட்டும். தேங்காய் உடைப்பதுபோல ஒரு அடி, ஒரு திருகு என்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைப்பது சரியான முறையல்ல. டைமிங் லைட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அது உள்ளே உடைந்து அடைத்தால், புகை வெளியேற வழியில்லாமல் கார் திணறும். வேகம் கூடக்கூடத் திணறலும் கூடும்.

புதிய பெட்ரோல், பழைய ரப்பர்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டர் கார்கள் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய ரப்பர் ஓஸ்களை உப்பவோ வெடிக்கவோ வைக்கலாம். டேங்க்கில் பல வருடங்களாகப் படிந்த கசடைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக உருவாக்கப்பட்டு, 10 சதவிகிதக் கலப்புக்கு ஏற்ப அமைக்கப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது.

ஆகவே பெட்ரோல் ஓஸ்களை மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. இது இழுவைக்காக மட்டுமல்ல. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீ விபத்து நேரலாம். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் காரை வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

கடைசிக் கேள்வி... கம்ப்ரஷன்

இவ்வளவும் சரியாக இருந்தும் இழுக்கவில்லையா? இப்போது கம்ப்ரஷன் மீட்டர். மூன்று பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். மூன்று எண்களும் நெருங்கி இருப்பது முக்கியம். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். எண் நன்றாக ஏறினால், தேய்ந்தது பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

இந்த வித்தியாசம் பர்ஸுக்கு மிக முக்கியம். வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். வால்வு இடைவெளியைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடும் கோளாறும் உண்டு. ரிங் என்றால்தான் முழு வேலை. எனவே, "இன்ஜினை இறக்கணும்" என்று சொல்பவரிடம் மூன்றே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷன் எண்கள் என்ன?
2. ஆயில் விட்டு அளந்தபோது எவ்வளவு ஏறியது?
3. கழற்றிய பிளக்குகளைக் காட்ட முடியுமா?

நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். பதில் சொல்வதோடு பிளக்கை உங்கள் கையிலேயே கொடுப்பார்.

வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

15 வருடம் தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய காரை வைத்திருப்பது இனி சும்மா வராது. தரைத் தகடும் சஸ்பென்ஷன் பொருத்தும் இடங்களும் துருப்பிடித்து உளுத்திருந்தால், நல்ல இன்ஜின் இருந்தும் பயனில்லை, அந்த கார் பாதுகாப்பானதல்ல. ஆனால், உடல் கட்டாக இருந்து, கம்ப்ரஷனும் சரியாக இருந்தால், ஒரு பிளக் வயருக்காகக் காரை எடைக்குப் போடத் தேவையில்லை.

வேலை முடிந்ததும் நேராக ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். வீட்டுக்கு அருகிலுள்ள மேம்பாலத்தில், வழக்கமாக ஏறும் ஆட்களோடு, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு இரண்டு முறை ஏறிப் பாருங்கள். உதறாமல் இழுத்தால், பிறகு மலைக்குப் போகலாம்.